மெழுகிய பாலம்

பூவனாங்குடிப் பாலத்துக்கு வயது நாற்பத்தெட்டு. நன்னிலத்திலிருந்து வருகிற சாலை அந்த இடத்தில்தான் பிள்ளையாற்றைத் தாண்டும். தாண்டினால் ஊர், ஊருக்கு வேறு வழி கிடையாது. மாட்டுவண்டிக்கும், காலையும் மாலையும் வந்துபோகும் ஒரு பஸ்ஸுக்கும் என்று கட்டிய பாலம் அது. இருபது வருஷமாக அதன்மேல் நெல் லாரி போகிறது, அறுவடை மிஷினை முதுகில் ஏற்றிக்கொண்டு பெரிய லாரி போகிறது, ஜல்லி ஏற்றிய டிப்பர் போகிறது. போன ஐப்பசியில் நடு பீமின் அடிவயிற்றில் நகம் நுழைகிற அளவுக்கு விரிசல் கண்டது. அதிகாரிகள் வந்தார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், கார் மட்டும் நுழைகிற மாதிரி இரண்டு முனையிலும் இரும்புத் தூணை நட்டுவிட்டுப் போனார்கள்.

இடித்துக் கட்டினால் இரண்டு வருஷம் ஆகும். அதனால் பாலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பீம்களின் அடியில் கார்பன் நாரால் ஆன பட்டைகளை இழுத்து ஒட்டி பலப்படுத்துவது என்று முடிவானது. பீமுக்கு இரண்டாக மூன்று பீமுக்கு ஆறு பட்டை. ஒரு தனியார் கம்பெனி வேலையை எடுத்தது. அந்தக் கம்பெனியின் தளப் பொறியாளராக வந்து இறங்கியவள், அதே ஊர்த் தெற்குத் தெரு இசைவாணி.

இருபத்தாறு வயது. அவள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியதே அவள்தான் முதல். மஞ்சள் ஹெல்மெட்டோடு பாலத்தடியில் நின்றவளைப் பார்த்து ஊர் பூரித்துப்போனது என்று சொன்னால் பொய். “மருதையன் மவளா? அதுக்கு என்னா தெரியும்?” என்று பாதி ஊர் கேட்டது. “நம்ம மருதையன் மவதானே, சொன்னாக் கேக்கும்” என்றது மீதி ஊர். முதல் பாதிக்குப் பதில் சொல்ல அவளுக்குத் தெரியும். இரண்டாவது பாதியிடம்தான் சிக்கினாள்.

அவள் அம்மா நீலாம்பாள் முதல் நாளே வேடிக்கை பார்க்க வந்தாள். சுருளாகச் சுற்றி வைத்திருந்த கறுப்புப் பட்டையைத் தூக்கிப் பார்த்தாள். நாலு விரல் அகலம், ஒரு ரூபாய்க் காசு தடிமன்.

“இந்த ரிப்பன வச்சா பாலத்த நிறுத்தப் போற?”

“ரிப்பன் இல்லம்மா. உள்ள பூரா கரி நாரு. இந்த ஒரு பட்டையில பதினாலு டன் இழுக்கலாம்.”

“ஒட்டுனாப் போதாதா? எதுக்கு இழுக்கணும்?”

“சும்மா ஒட்டுனா, பாலம் இன்னும் கொஞ்சம் தொஞ்சி எறங்குனப்பறந்தான் பட்டை வேலை செய்யும். இழுத்துப் புடிச்சி ஒட்டுனா இப்பவே தாங்கும். விரிசலும் மூடிக்கும்.”

நீலாம்பாள் பீமை அண்ணாந்து பார்த்தாள். “புள்ள பெத்தவளுக்கு வயித்துல துணியப் போட்டு இறுக்கிக் கட்டுற மாதிரின்னு சொல்லு. அத விட்டுட்டு டன்னு கின்னுங்கற.”

ஜாக்கி இழுக்கிற மீரா உசேன் சாரத்தின் மேலிருந்து சிரித்தார். திருவாரூர்க்காரர், ஐம்பது வயது, தளத்தில் எல்லோருக்கும் பாய். “அம்மாவ அடுத்த மீட்டிங்குக்கு அழைச்சிட்டுப் போங்க இன்ஜினியரம்மா. டிசைன் போட்ட உங்க சார் நாப்பது பக்கத்துல எழுதுனத ஒரே வரியில முடிச்சிட்டாங்க.”

தை கடைசியில் மழை பிடித்தது. அறுப்பு நேரத்தில் பெய்கிற மழை மாதிரி ஒரு அக்கிரமம் இல்லை. செயின் போட்ட அறுவடை மிஷின்கள் ஆற்றுக்குள்ளேயே இறங்கிக் கரையேறி வந்து பாதி வயலை அறுத்துப் போட்டிருந்தன. லாரிக்கு அந்த வித்தை தெரியாது. ஊர்க்கோடியில் இருந்த கொள்முதல் நிலையத்தில் எடுத்த நெல் ஆயிரத்தெண்ணூறு மூட்டை, தார்ப்பாய் மூடி அடுக்கிக் கிடந்தது. அதை லாரி வந்து தூக்கினால்தான் புதுசாக எடுக்க இடம். பாலம் மாசி எட்டாம் தேதி திறந்துவிடும் என்று சொல்லியிருந்ததால் எல்லோரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

மருதையன் வீட்டு நெல் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நிலத்து விளைச்சல். மூன்று வருஷத்துக்கு முன் வாங்கிய நிலம். அதற்கு முன்னால் முப்பது வருஷம் அதே நிலத்தில் அவரும் நீலாம்பாளும் கூலிக்கு இறங்கியவர்கள். நெல்லை அள்ளி வாசலில் குவித்து மூடியிருந்தார்கள். மூன்றாம் நாள் மழை விட்டபோது குவியலுக்குள் கையை விட்டால் சுட்டது. இன்னும் ரெண்டு நாள் போனால் முளை கட்டிவிடும்.

காயப்போட இடம் இல்லை. கொள்முதல் களம் முழுக்க மூட்டை. சாலையை, பாலத்தை ஒட்டி, வேலைக்காக வெட்டிப் போட்டிருந்தார்கள், எங்கும் சேறு. ஈரமில்லாமல், உயரமாக, வெயில் விழுகிற மாதிரி ஊரில் இருந்த ஒரே தரை பாலத்தின் மேல்தளம்தான். அதில் இருந்த பழைய தார் அடுக்கையும் சுரண்டி எடுத்தாகிவிட்டது. வெறும் கான்கிரீட்.

நீலாம்பாள் மகளிடம் கேட்டாள். “ரெண்டு நாளுதான் ஆயி. கை உசரத்துக்குக் கூட கொட்ட மாட்டோம். மெலிசாப் பரப்பிக்கிறோம்.”

இசைவாணி கணக்குப் போட்டாள். மெல்லிசாகப் பரப்பினால் பாரம் ஒன்றுமில்லை. ஈர நெல்தான் என்றாலும் சொட்டுகிற ஈரம் இல்லை. கீழே வேலை கீழே நடக்கும். எழுத்தில் கேட்டால் கம்பெனி மறுக்கும் என்பதும் தெரியும். சரி என்று தலையை ஆட்டிவிட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நடு பீமின் அடியில் ஈரமானி வைத்துப் பார்த்தாள். மூன்றரை சதவீதம். நாலுக்குக் கீழே இருந்தால் ஒட்டலாம். நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எட்டரை மணிக்குத் தெற்குத் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் விளக்குமாறும் கூடையும் குடமுமாக மேலே ஏறியதைப் பார்த்தாள். கூட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சாரத்தில் ஏறிவிட்டாள்.

பத்து மணிக்குப் பாய் பட்டையை ஒட்டுகிற பிசினின் இரண்டு பாகத்தையும் கலக்கிவிட்டார். கலந்தால் நாற்பது நிமிஷத்தில் இறுகிவிடும். அதற்குள் பட்டையில் தடவி, பீமில் வைத்து, ஜாக்கியால் இழுத்து, இரண்டு முனையிலும் இரும்புப் பிடியைப் பூட்டிவிட வேண்டும். ஒட்டுவதற்கு முன் இன்னொரு தடவை ஈரம் பார்க்கவேண்டும் என்பது விதி. ஏழு மணிக்குத்தானே பார்த்தோம், மழையும் இல்லை என்று இசைவாணி ஈரமானியைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. பாய் அழுத்தமானியைப் பார்த்தபடி நெம்புகோலை அடித்தார். பட்டை ஒரு தடவை முனகியது. ஒன்பது டன், பதினொன்று, பதினாலு. பூட்டினார்கள். எல்லோருக்கும் டீ வந்தது. மேலே பெண்கள் காலால் நெல்லைத் துழாவுகிற சரசரப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. அன்றைக்கு வெயிலும் நல்ல வெயில்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவளும் பாயும் சாரத்தில் படுத்தவாக்கில் நகர்ந்து, சின்னச் சுத்தியலால் பட்டையைத் தட்டிக்கொண்டே போனார்கள். ஒட்டியிருந்தால் டிக் டிக் என்று கெட்டியாகக் கேட்கும். ஆறாவது மீட்டரில் சத்தம் மாறியது. வெற்றுத் தகரத்தைத் தட்டியது போல.

அவள் நிறுத்தினாள். பின்னால் வந்து தட்டினாள். முன்னால் போய்த் தட்டினாள். ஒன்றரை மீட்டர் நீளத்துக்குப் பட்டைக்கும் பீமுக்கும் நடுவே பிடிப்பே இல்லை.

பாய் டார்ச்சை அடித்துப் பார்த்தார். பட்டையின் ஓரத்தில் பிசின் பாலாடை மாதிரி வெளுத்திருந்தது. பக்கத்தில் கான்கிரீட்டில் பச்சையும் பழுப்புமாக ஒரு கறை, மேலிருந்து பழைய விரிசல் வழியாக இறங்கி வந்திருந்தது. அவர் அதை விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார்.

“இன்ஜினியரம்மா, இது என்னா வாசன?”

அவள் முகர்ந்தாள். பிறந்ததிலிருந்து தெரிந்த வாசனை.

“சாணி.”

“பாலத்துக்கு அடியில மாடு எப்படி ஏறிச்சி?”

அவள் சிரிக்கவில்லை. பாய் டார்ச்சை அணைத்தார். தணிந்த குரலில் சொன்னார். “நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க. ரெண்டு பக்கமும் பிடி இருக்கு. பதினாலு டன்னையும் அந்தப் பிடிதான் தாங்குது. நடுவுல ஒன்றரை மீட்டரு ஒட்டலன்னா யாருக்குத் தெரியப்போவுது? பெயிண்ட் அடிச்சி மூடிட்டா முடிஞ்சிச்சி.”

“பிடி துருப்புடிச்சா?”

“அதுக்கு இருவது வருசம் ஆவும்.”

“இருவது வருசத்துல பஸ்ஸு ஓடும்ல பாய்?”

“ஓடுந்தான்” என்றார் பாய். “ஆனா இதக் கழட்டுனா புதுப் பட்டை சென்னையிலேருந்து வரணும். சுரண்டணும், காயணும், மறுபடி ஒட்டணும். பதினாறு நாளு. உங்க ஊரு நெல்லு பதினாறு நாளு கெடக்குமா? பாத்துக்குங்க.”

கெடக்காது என்று அவளுக்குத் தெரியும். அவள் வீட்டு நெல்லில் பாதி இன்னும் பாலத்தில் ஏறாமல் வாசலிலேயே கிடக்கிறது.

ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனாள். நீலாம்பாள் கொல்லையில் அடுப்பு மூட்டி வயல் நண்டை இடித்துக்கொண்டிருந்தாள். மழை விட்டால் வரப்பெல்லாம் நண்டுதான். மருதையன் உள்ளே படுத்திருந்தார்.

“யம்மா, நெல்லு கொட்டுன அன்னைக்கிப் பாலத்துல என்னா பண்ணுன?”

“என்னா பண்ணுவாங்க? நெல்லு கொட்டுனேன்.”

“அதுக்கு முன்னாடி.”

“கூட்டுனோம். மெழுகுனோம். காஞ்சப்பறம் கொட்டுனோம்.”

“எதுக்கு மெழுகுன?”

நீலாம்பாள் உலக்கையை நிறுத்தி மகளைப் பார்த்தாள். படித்தவள் கேட்கிற கேள்வியா இது என்கிற மாதிரி. “மெழுகாத களத்துல எவ நெல்லு கொட்டுவா? நீ தாரச் சொரண்டி வச்சிருக்க, தரை பூரா பொடிக்கல்லு. நெல்லோட கல்லு கலந்தா எடுப்பானா அந்தக் கொள்முதல்காரன்? கனிமொழி வீட்டுல நாலு மாட்டுச் சாணி வாங்கிக் கரைச்சி, ரெண்டு தடவ மெழுகுனோம்.”

“எத்தன கொடம் தண்ணி?”

“பதினாலு பதினஞ்சி இருக்கும். கனிமொழி சோம்பேறி, ஒரு தடவ தெளிச்சி விட்டாப் போதும்க்கான்னா. நாந்தான் விடல. எம் பொண்ணு நிக்கிற பாலம், வேலை ஒழுங்கா இருக்கணும்டின்னு சொல்லி, விரிசல் விரிசலா வழிச்சி வச்சி மெழுகுனேன். நல்லாப் புடிச்சிக்கிச்சி தெரியுமா? ஒரு நெல்லு ஒட்டல.”

இசைவாணி அடுப்பருகில் உட்கார்ந்தாள். கத்தவேண்டும் போல இருந்தது. கத்தினால் எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

“அந்தத் தண்ணி கீழ எறங்கிடிச்சிம்மா. பட்டை ஒட்டல.”

நீலாம்பாள் உலக்கையைச் சுவரில் சாய்த்தாள்.

“ஒட்டலன்னா?”

“கழட்டணும். பதினாறு நாளு தள்ளிப்போவும்.”

நீலாம்பாள் நண்டை வழித்துச் சட்டியில் போட்டாள். தண்ணீர் ஊற்றினாள். மிளகைத் தட்டிப் போட்டாள்.

“நீ ஏன் கொட்டச் சொன்ன?”

“நீதானே கேட்ட!”

“நான் கேப்பேன். என் நெல்லு முளைக்குது, நான் கேக்கத்தான் செய்வேன். கொட்டக் கூடாதுன்னா கூடாதுன்னு சொல்றதுக்குத்தானே ஒன்ன அங்க நிறுத்தியிருக்கு? என்னா பண்ணுவோம் ஏது பண்ணுவோம்னு ஒரு வார்த்த கேட்டியா? மாடு மாதிரி தலையத் தலைய ஆட்டுன.”

“நான் தப்பு பண்ணலன்னு சொல்லல.”

“அப்பறம் எதுக்கு என் மொகத்துல வந்து முழிக்கிற? போயி கழட்டு.”

“கழட்டுனா ஊரு நெல்லு கெட்டுப்போவும். எனக்கு வேல போவும். ஊருக்காரியப் போட்டா இப்படித்தான்னு சொல்லுவானுவ. அடுத்தாப்ல நம்ம தெருவுலேருந்து எவ போயி நின்னாலும் இதத்தான் சொல்லுவானுவ.”

உள்ளிருந்து மருதையன் குரல் கொடுத்தார். “சொல்லலன்னா என்னா ஆவும்?”

“இன்னைக்கு ஒண்ணும் ஆவாதுப்பா.”

“என்னைக்கு ஆவும்?”

“தெரியாது. ஆவாமலும் போவலாம்.”

நீலாம்பாள் தட்டில் சோறு போட்டு ரசத்தை ஊற்றினாள். மகள் சாப்பிடாமல் பிசைந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, “சாப்புட்டுட்டு யோசன பண்ணு. நண்டு ஆறுனா நாறும்” என்றாள்.

சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு இசைவாணி சென்னைக்குப் போன் செய்தாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு கேஷவ் வந்தான். பலப்படுத்தும் வேலையை வடிவமைத்தவன் அவன்தான், சென்னையில் ஆலோசகர். முப்பத்தைந்து வயது இருக்கும். பூவனாங்குடிப் பண்ணை வெங்கடசுப்ரமணியனின் பேரன். மருதையன் வாங்கிய ஒன்பது மா அந்தக் குடும்பம் கடைசியாக விற்ற நிலம். இது அவனுக்கும் இசைவாணிக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

சாரத்தில் ஏறி அவனே தட்டிப் பார்த்தான். கறையைப் பார்த்தான்.

“என்ன இது?”

“சாணித் தண்ணி சார். மேல நெல்லு காயப்போட்டாங்க. அதுக்கு முன்னாடி மெழுகியிருக்காங்க.”

“யாரு?”

“எங்கம்மா. காயப்போடலாம்னு சொன்னது நான். ஒட்டறதுக்கு முன்னாடி ரெண்டாவது தடவ ஈரம் பாக்காததும் நான்.”

கேஷவ் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தாள். அவன் கறையைத் தொட்டுக்கொண்டு மெல்லச் சிரித்தான். “சின்ன வயசுல லீவுக்கு வருவோம். தாத்தா களத்துல இதே வாசனை. என்ன அழகா மெழுகியிருக்கும் தெரியுமா, கண்ணாடி மாதிரி…”

“அதையும் மெழுகுனது எங்கம்மாதான் சார்.”

அவன் விரலைக் கறையிலிருந்து எடுத்துக்கொண்டான். பாய் ஜாக்கியைத் துடைப்பதில் மும்முரமானார்.

கேஷவ் வேலை பேசுகிற குரலுக்கு வந்தான். “ஊசி போட்டு பிசினை உள்ளே செலுத்திப் பாக்கலாம். டிசைன்ல கொஞ்சம் இடம் வச்சிருக்கேன்.”

“உள்ளங்கை அகலத்துக்குள்ள இருந்தா ஊசி போடலாம்னு நீங்கதான் சார் எழுதியிருக்கீங்க. இது ஒன்றரை மீட்டர். உள்ள சாணி இருக்கு. சாணி மேல பிசின் ஒட்டாது.”

“கழட்டினா பாலம் தள்ளிப்போகும். உங்க ஊர்தான் கஷ்டப்படும்.”

“படும். நான் கழட்டுறேன்.”

அவன் கைக்குட்டையால் விரலைத் துடைத்தான். “சரி. கழட்டிடலாம். ரிப்போர்ட்ல காரணம்னு ஒரு இடம் இருக்கும். பருவம் தவறிய மழைனு போடுங்க. மழை பெஞ்சது உண்மைதானே? நான் கையெழுத்துப் போட்டுடறேன். யாருக்கும் பிரச்சினை இல்லை.”

“மழை அன்னைக்குப் பெய்யல சார்.”

“இசைவாணி, நான் உங்களுக்காகத்தான் சொல்றேன். உள்ளதை உள்ளபடி எழுதினா கம்பெனி உங்களை இந்த சைட்லேருந்து எடுத்துடும். வேற சைட் குடுப்பாங்கன்னும் சொல்ல முடியாது. நாளை சாயங்காலத்துக்குள்ள அனுப்புங்க. யோசிச்சு எழுதுங்க.”

அவளுக்காகத்தான் சொன்னான். அதுதான் எரிச்சலாக இருந்தது. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் பதில் சொல்வது சுலபம்.

அன்று பிற்பகலிலேயே பட்டையைக் கழற்றினார்கள். ஜாக்கிக்கு நேர் பின்னால் ஒருத்தரும் நிற்கக்கூடாது என்று பாய் எல்லோரையும் கரைக்கு ஏற்றினார். பதினாலு டன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிடியைக் கழற்றி, பட்டையை உளியால் நெம்பினார்கள். நன்றாக ஒட்டிய இடத்தில் அது வர மறுத்தது; வந்தபோது கான்கிரீட்டைத் தோல் மாதிரி உரித்துக்கொண்டு வந்தது. அந்த ஒன்றரை மீட்டரில் மட்டும் கை வைத்ததுமே கழன்று தொங்கியது. இசைவாணி அந்தத் துண்டை வெட்டி, தேதி எழுதி, பையில் போட்டாள்.

பாலம் மாசி இருபத்து நாலுக்குத் தள்ளிப்போய்விட்டது என்று ஊருக்குள் சொல்லும் வேலையும் அவளுக்குத்தான் வந்தது. கொள்முதல் நிலையத்து வாசலில் வைத்துச் சொன்னாள். காரணத்தையும் சொன்னாள். ஆம்பிளைகள் கத்தினார்கள். “பொம்பளைய வேலைக்கு வச்சா இதான்” என்று ஒருத்தன் சொன்னான். “ஏன், நீ போயி ஜாக்கி அடிக்கிறதுதானே, பொழுதன்னைக்கும் வாய்க்கா கலுங்குமேலதானே ஒக்காந்திருக்க” என்று கனிமொழி அவனுக்குத் திருப்பிக் கொடுத்தாள். நாற்பது வயதுக்காரி, வாய்க்குப் பூட்டில்லாதவள். அவளும் மெழுகியவர்களில் ஒருத்தி.

நீலாம்பாள் கூட்டத்தைக் கேட்கவே இல்லை. அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நாப்பது கிலோதானே ஒவ்வொண்ணும்?” என்றாள்.

“ஆமா, அதுக்கென்னா?” என்றார் நிலையத்து எழுத்தர்.

“லாரிய அக்கரையில நிறுத்தச் சொல்லுங்க. நாங்க தூக்கியாந்து ஏத்துறோம்.”

“ஆயிரத்தெண்ணூறு மூட்டைம்மா!”

“எண்ணத் தெரியும் சார். நீங்க லாரிக்குப் போன் பண்ணுங்க.”

பாலத்தில் நடக்கலாமா என்று எல்லோரும் இசைவாணியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டாள். பாயைக் கூப்பிட்டு இரண்டு பேருமாகச் சரிபார்த்தார்கள். கேஷவுக்குப் போன் செய்து, அவன் வாயால் சரி என்று வாங்கினாள். பிறகு சொன்னாள். “பாலத்துல ஒரே நேரத்துல சுமையோட பன்னெண்டு பேருதான். ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் நடுவுல நாலு அடி விட்டு நடக்கணும். ஓடக்கூடாது. எறக்கி வச்சி மூச்சு வாங்கக்கூடாது. தண்ணி குடிக்கணும்னா கரையில. ஒரு சொட்டு பாலத்துல சிந்துனா எல்லாத்தையும் நிறுத்திடுவேன்.”

“வெத்தல எச்சி?” என்றாள் கனிமொழி.

“முழுங்கு.”

விடிந்ததும் தொடங்கினார்கள். இருபத்தெட்டுப் பெண்கள், முப்பது ஆண்கள். நேற்றுக் கத்தினவர்களும் வந்துவிட்டார்கள். வீட்டில் நெல் இருக்கிறவன் எத்தனை நாள் கோபமாக இருக்க முடியும். தலையில் சும்மாடு, அதன்மேல் மூட்டை, ஒரு கை மேலே ஒரு கை இடுப்பில். போகிற வரிசை ஒரு ஓரம், வெறுங்கையோடு திரும்புகிற வரிசை மறு ஓரம். இசைவாணி பாலத்து முனையில் நின்று பன்னிரண்டு எண்ணி விட்டாள். மருதையன் தன் மகளிடம், “இன்னும் ஒருத்தன்தானே, விடு ஆயி” என்று கேட்டுப் பார்த்தார். “ஒரு ஆளு எறங்கட்டும்ப்பா, நில்லுங்க” என்று சொல்லிவிட்டாள். தலையில் நாற்பது கிலோவோடு அவர் நின்றார். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மத்தியானம் அக்கரையில் புளிச்சோறும் மோரும் வந்தன. பொழுது சாய்வதற்குள் ஆயிரத்து நூறு மூட்டை அக்கரைக்குப் போய்விட்டது. களத்தில் பாதிக்கு மேல் காலியானதும் எழுத்தர் மறுபடி எடுக்கத் தொடங்கினார். முதலில் கனிமொழி வீட்டு நெல், அப்புறம் இரண்டு பேர். நான்காவதாக நீலாம்பாள் முறத்தில் நெல்லைக் கொண்டுவந்து வைத்தாள்.

எழுத்தர் ஈரமானிக்குள் நெல்லைப் போட்டார். பாலத்தில் காய்ந்த பாதி நெல் பதினேழில் நின்றது; அதுவரைக்கும் எடுப்பார்கள். வாசலில் குவிந்து கிடந்த மீதிப் பாதி இருபத்து நாலு காட்டியது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் நுனியில் வெள்ளை முளை.

“இது வேணாம்மா” என்றார் எழுத்தர்.

“பாலத்துல இதுவும் ரெண்டு நாளு கெடந்திருந்தா எடுத்திருப்பீங்க” என்றாள் நீலாம்பாள். யாரையும் குற்றம் சொல்கிற மாதிரி இல்லை. முறத்தைத் தட்டி எடுத்துக்கொண்டாள். “கோழி திங்கும்.”

இசைவாணி அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். போய் ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தாள். பாலத்து முனையில் பதின்மூன்றாவது ஆள் காலெடுத்து வைத்தான். அவனை நிறுத்த ஓடினாள்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தபோது மணி ஐந்தரை. கேஷவிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது: ‘மழை என்றால் நான் இப்போதே கையெழுத்துப் போட்டுவிடுவேன்.’ நீலாம்பாள் முளைத்த நெல்லைச் சாக்கில் பரப்பிவிட்டு வந்து, பிடரியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் மட்டும் முப்பத்தாறு மூட்டை தூக்கியிருந்தாள்.

“என்னா எழுதுற?”

“ஏன் ஒட்டலன்னு எழுதணும்.”

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன். மேல்தளத்துல சாணி கரைச்சி மெழுகுன தண்ணி விரிசல் வழியா எறங்கிடிச்சி. நெல்லு காயப்போட அனுமதி குடுத்ததும், ரெண்டாவது தடவ ஈரம் பாக்காததும் தளப் பொறியாளர் இசைவாணி. அவ்வளவுதான்.”

“வேல போயிடுமா?”

“போவலாம்.”

நீலாம்பாள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “மெழுகுனது யாருன்னு போட்டிருக்க?”

“யாருன்னும் போடல.”

“ஏன் போடல?”

“ஒம் பேரு எதுக்கும்மா அதுல? நான் பாத்துக்கிறேன்.”

“என்னாத்தப் பாத்துக்குவ? நீயா மெழுகுன? ஒனக்கு மெழுகவே தெரியாது. பதினஞ்சி வயசுலேருந்து இந்த ஊருல ஒரு களம் பாக்கியில்லாம மெழுகியிருக்கேன். ஒங்க சாரோட தாத்தா களம், கோயில் களம், சொசைட்டிக் களம். எவன் ஒரு நோட்டுல எழுதுனான், நீலாம்பா மெழுகுனான்னு? வெளஞ்ச நெல்லு அவனுவ பேருல ஏறிச்சி. மெழுகுனவ பேரு மட்டும் தண்ணியோட போயிடிச்சி. இப்ப ஒண்ணு தப்பாப் போச்சி. போவட்டும். அதையாவது ஒழுங்கா எழுது.”

“தப்புக்குத்தாம்மா பேரு எழுதப்போறேன். நல்லதுக்கு இல்ல.”

“தெரியுது. எனக்கென்னா புத்தி இல்லையா? நாளைக்கி அந்தக் கம்பெனிக்காரன் ஒன்ன நிக்க வச்சிக் கேட்டா, மெழுகுனவ நாந்தான், வந்து கேளுன்னு நான் சொல்லணும்ல? பேரு இல்லாம நான் யாருன்னு போயி நிப்பேன்?” மகளின் தோளை இடித்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். “எழுது. மருதையன் சம்சாரம்னு எழுதாத. நீலாம்பாள்னு எழுது.”

இசைவாணி எழுதினாள். இங்கிலீஷ் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுவதை நீலாம்பாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுல எது நானு?”

இசைவாணி விரலால் காட்டினாள்.

“இவ்வளவு நீளமாவா இருக்கேன்?” என்றாள் நீலாம்பாள். இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள். பிறகு, “சரி, அனுப்பு. விடிஞ்சா எழுநூறு மூட்டை கெடக்குது” என்று சொல்லிவிட்டு, கையை ஊன்றி எழுந்துபோனாள்.